ஏடும் படச்சுருளும்

கல்லில் வெட்டிய எழுத்துப் பல நூற்றாண்டுகள் நிற்கும். செம்பில் பொறித்த எழுத்தும் அவ்வாறே நிற்கும். பனையோலையில் எழுதிய எழுத்தோ ஓலை உள்ள அளவே உளதாகும். கறையான் அரித்தால் ஓலையோடு கவிதையும் மறையும். ஆகவே, ஒரு கலைப்படைப்பின் ஆயுள் அதன் சிறப்பை மட்டும் பொறுத்ததன்று. அதனைத் தாங்கி நிற்கும் பொருளின் உறுதியையும் பொறுத்ததாகும்.

பழந்தமிழ் நூல்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு காட்டும். சீவக சிந்தாமணி என்னும் பெருங்காப்பியம் ஒரு காலத்தில் சிலருடைய வீடுகளிலும் மடங்களிலும் ஏட்டுச் சுவடியாகவே கிடந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை நீக்கிப் பாடத்தைத் தெளிவு செய்தார். அவ்வளவில் அவர் நின்றுவிடவில்லை. 1887-ஆம் ஆண்டில் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டார். பாடத்தைத் தெளிவு செய்ததோடு அவர் அமைந்திருந்தால், பெட்டியில் உறங்கும் சுவடிகளோடு மற்றொரு சுவடி கூடியிருக்கும், அவ்வளவே. அச்சேறிய பின்னரே சிந்தாமணி கற்போர் அனைவர் கைக்கும் எட்டியது. தேடித் திருத்துவது ஒரு பணி. வெளியிட்டுப் பரப்புவது மற்றொரு பணி. இரண்டும் கூடினாலன்றி எந்நூலும் மறுவாழ்வு பெறுவதில்லை.

ஏட்டுக்கு நேர்ந்த அதே நிலைமை, இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலையாகிய திரைப்படத்துக்கும் நேர்ந்துள்ளது. பழைய திரைப்படங்களை அழிவினின்று மீட்டுப் புதுப்பிக்க வேண்டும். அங்ஙனம் புதுப்பித்தவற்றை மக்கள் தத்தம் இல்லத்திலேயே கண்டு மகிழுமாறு வட்டுகளாக வெளியிடவும் வேண்டும். இஃது உலகெங்கும் உள்ள திரைக்கலை அன்பர்களின் நெடுநாள் விருப்பமாகும். அவ்விருப்பம் எங்ஙனம் நிறைவேறுகிறது, எங்கே தடைப்படுகிறது என்பது அறியத்தக்கது.

படச்சுருளின் இயல்பு

வெண்திரையில் ஓடியும் ஆடியும் தோன்றும் உருவங்கள் உண்மையில் அசையாப் படங்களே. ஒளி ஊடுருவும் நீண்ட நாடா ஒன்றில் சிறுசிறு படங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். பேசும் படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் வீதம் அவை ஒளிவிளக்கின் முன் நின்று நின்று நகரும். அவ்விரைவினால் கண் மயங்கி, தொடர்ந்த அசைவாகக் காண்கிறது. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். இரண்டரை மணி நேரம் ஓடும் படத்தில் 2,16,000 படங்கள். திரையரங்குகளில் வழங்கிய 35 மில்லி மீட்டர் அகலமுள்ள சுருளில் இவற்றைப் பதிப்பதற்கு ஏறத்தாழ 13,500 அடி நீளம் வேண்டும். இத்துணை நீளமுள்ள நாடாவின் ஒவ்வோர் அங்குலமும் பழுதின்றி இருந்தாலன்றிப் படம் முழுமையாகாது.

படம்பிடிக்கும் கருவியினுள் ஓடி, நடிகரின் உருவத்தை நேரே பதிவு செய்த சுருள் ‘நெகட்டிவ்’ எனப்படும். அதில் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் தோன்றும். அதனின்று எடுக்கும் படிகளே திரையரங்குகளுக்குச் செல்லும் ‘பிரிண்ட்’டுகள். நெகட்டிவைத் தாய் என்றால் பிரிண்டுகளைச் சேய்கள் எனலாம். படியிலிருந்து படி எடுக்குந்தோறும் தெளிவு சிறிது குறையும். ஆதலின், புதுப்பிக்க முனைவோர் முதலில் தேடுவது தாயாகிய நெகட்டிவையே.

அழிவின் வாயில்கள்

தொடக்க காலத்தில் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் செய்யப்பட்டன. அப்பொருள் வெடிமருந்துக்கு உறவு உடையது. எளிதில் தீப்பற்றும், பற்றிய தீ, எரிவதற்கு வேண்டிய உயிர்வளியைத் தானே வெளிவிடும். ஆகையால் நீருள் அமிழ்த்தினும் அத்தீ அணைவதில்லை. தீக்கு இரையாகாத சுருள்களும் காலப்போக்கில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டி, இறுதியில் பழுப்புத் தூளாய் உதிரும். 1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் சுருள் செய்வது நின்றது.

அதன்பின் எங்கும் வழங்கிய அசிட்டேட் சுருள் எளிதில் எரியாது. ஆயினும் அதற்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் வைத்தால் அதிலிருந்து புளிக்காடியின் நெடி வீசத் தொடங்கும். பின்னர்ச் சுருள் சுருங்கும், வளையும், ஓரத் துளைகள் பொறியின் பற்களோடு பொருந்தாமற்போகும். நோயுற்ற சுருளின் நெடி அருகில் உள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். வண்ணப் படங்களுக்கு வேறொரு துன்பமும் சேரும். நீலமும் பச்சையும் மங்கி, படம் முழுவதும் செந்நிறம் படிந்ததாய்த் தோன்றும். கடற்காற்று வீசும் வெப்ப நகரங்களில் இவ்வழிவு விரைந்து நடைபெறும். குளிரும் வறட்சியும் உள்ள அறையில் வைப்பதே இதற்குத் தக்க காப்பு.

இயற்கை செய்யும் அழிவைக் காட்டிலும் மனிதர் செய்த அழிவு சிறிதன்று. படம் ஓடி முடிந்த பின்னர் அதன் சுருளால் பயன் இல்லை என்று பலர் கருதினர். கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஆதலின், அவ்வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே எண்ணற்ற சுருள்கள் உருக்கப்பட்டன. கிடங்கு வாடகையை மிச்சப்படுத்தச் சுருள்களை எறிந்தவரும் உண்டு.

இவற்றின் விளைவு யாது? 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளிவந்த முழுநீள ஊமைப் படங்கள் 11,000-க்குச் சற்றுக் குறைவு. அவற்றுள் முதலில் வெளிவந்த அதே வடிவில் எஞ்சியவை நூற்றுக்கு 14 மட்டுமே என அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இந்தியாவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இந்நாட்டின் முதற் பேசும் படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் படி ஒன்றும் இல்லை. அதே ஆண்டில் எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ படமும் மறைந்தொழிந்தது. தமிழ்ப் பேச்சும் பாட்டும் திரையில் முதன்முதலாக ஒலித்த படம் அதுவே. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ என்னும் ஊமைப் படத்துக்கும் அதே கதி நேர்ந்தது. அக்காலத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு, கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமும் செய்தித்தாள் விளம்பரமுமே இன்று சான்றாக நிற்கின்றன.

இந்நிலையை உணர்ந்த இந்திய அரசு 1964-ஆம் ஆண்டில் புனே நகரில் தேசியத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியது. அங்குப் பணியாற்றிய பி. கே. நாயர் என்னும் பெரியார், சுவடி தேடிய சாமிநாதையரைப் போலவே ஊர்தோறும் சென்று படச்சுருள்களைத் தேடினார். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா அரிச்சந்திரா’, ‘காளிய மர்தன்’ ஆகிய ஊமைப் படங்களின் எஞ்சிய பகுதிகள் இன்று காணக் கிடைப்பது அவருடைய முயற்சியினாலேயே ஆகும்.

புதுப்பிக்கும் முறை

படத்தைப் புதுப்பிப்போர் முதலில் உலகெங்கும் எஞ்சியுள்ள நெகட்டிவுகளையும் பிரிண்டுகளையும் பட்டியலிடுவர். ஒரு நாட்டில் முதற்பகுதி நன்றாயிருக்கும். வேறொரு நாட்டில் இறுதிப்பகுதி நன்றாயிருக்கும். ஒரு பிரிண்டில் உருவம் தெளிவாக இருக்கும். மற்றொன்றில் ஒலி தெளிவாக இருக்கும். பல சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் பார்ப்பது போல, இவற்றையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் சிறந்த மூலம் எதுவெனத் தேர்வர்.

அடுத்து, கைவேலை தொடங்கும். அறுந்த இடங்களை ஒட்டுவர். கிழிந்த ஓரத் துளைகளைச் சீர்செய்வர். அழுக்கையும் பிசினையும் துடைப்பர். பின்னர், கணிப்பொறியோடு இணைந்த கருவியில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே பதிவு செய்வர். இக்காலத்தில் ஒரு படத்தை அகலவாக்கில் ஏறத்தாழ 4,000 புள்ளிகளாகப் பிரித்துப் பதிவது வழக்கமாகியுள்ளது. அதன்பின் கீறல், கறை, நடுக்கம், ஒளியின் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைக் கணிப்பொறித் திரையில் ஒவ்வொன்றாக நீக்குவர். ஒலியில் கலந்த இரைச்சலையும் வெடிப்பொலியையும் அவ்வாறே குறைப்பர்.

இப்பணிக்கு ஓர் அறம் உண்டு. பழைய பாட்டில் ஒரு சொல் சிதைந்திருந்தால், பதிப்பாசிரியர் தம் சொல்லை அங்கே பெய்து ‘இதுவே புலவர் வாக்கு’ என்று கூறுவது முறையாகாது. அதுபோலவே, புதுப்பிப்போரும் மூலத்தை அழகு செய்யப் புகுதல் கூடாது. இயக்குநர் வேண்டுமென்றே இருளாக வைத்த காட்சியை வெளிச்சமாக்குதல் தவறு. படச்சுருளுக்கு இயல்பாக உள்ள நுண்மணித் தன்மையை முற்றிலும் வழித்தெடுத்து, முகங்களை மெழுகுப் பொம்மை போல் ஆக்குதலும் தவறு. 1960-இல் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் வெளிவந்த ‘முகலே ஆசம்’ 2004-இல் முழுவதும் வண்ணம் ஏற்றி வெளியிடப்பட்டது. அதனைக் காண விரும்பினோர் பலர். எனினும், வண்ணம் ஏற்றுதல் வேறு, புதுப்பித்தல் வேறு. முன்னது புதியதொன்றைப் படைக்கிறது. பின்னது இருந்ததை மீட்கிறது.

எரிந்த சுருள் எழுந்த வரலாறு

புதுப்பிக்கும் கலையின் ஆற்றலுக்குச் சத்தியஜித் ரேயின் மூன்று படங்கள் சிறந்த எடுத்துக்காட்டாகும். வங்கநாட்டுச் சிற்றூரில் வறிய அந்தணர் குடும்பத்தில் பிறந்த அபு என்னும் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையை அவை கூறும். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் நாவல்களைத் தழுவியவை அவை. ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இலும், ‘அபராஜிதோ’ 1956-இலும், ‘அபுர் சன்சார்’ 1959-இலும் வெளிவந்தன. முதற்படத்தை எடுக்கப் பொருளின்றி ரே தம் துணைவியாரின் நகைகளை அடகு வைத்தார். மேற்கு வங்க அரசு உதவிய பின்னரே படம் முற்றுப்பெற்றது. அப்படம் 1955 மே மாதத்தில் நியூயார்க்கு நகரின் நவீனக் கலைக் காட்சியகத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, இந்தியத் திரைக்கலையை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது.

1992-ஆம் ஆண்டில் ரேக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. அப்பொழுது அவருடைய படங்களின் பிரிண்டுகள் நலிந்த நிலையில் இருப்பது தெரியவந்தது. அவற்றைச் சீர்செய்யக் கருதி, மூல நெகட்டிவுகள் கல்கத்தாவிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1993 சூலைத் திங்களில், அவை வைக்கப்பட்டிருந்த படச் சோதனைச்சாலையில் தீ மூண்டது. காப்பதற்காக அனுப்பிய சுருள்களே கருகிப்போயின. அக்காலத்திய கருவிகளைக் கொண்டு அவற்றினின்று ஒரு படியும் எடுக்க இயலவில்லை.

ஆயினும் அச்சுருள்களை எவரும் குப்பையில் எறிந்துவிடவில்லை. கருகியும் உருகியும் எஞ்சியவை அமெரிக்காவில் ஆஸ்கார் விருது வழங்கும் அகாதமியின் காப்பகத்தில் வைக்கப்பட்டன. ‘இன்று இயலாதது நாளை இயலலாம்’ என்னும் நம்பிக்கையே அவற்றைக் காத்தது எனலாம். இருபது ஆண்டுகள் கழிந்தன. 2013-ஆம் ஆண்டில், பழம்படங்களை வட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் அகாதமியோடு சேர்ந்து அப்பெட்டிகளைத் திறந்தது. கருகிய சுருள்கள் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் உள்ள ஒரு சோதனைச்சாலைக்குச் சென்றன. உலர்ந்து முறியும் நிலையில் இருந்த சுருள்களுக்கு அங்குள்ளோர் மருந்துநீரால் மீண்டும் நெகிழ்ச்சி ஊட்டினர். உருகிய பசையை நீக்கினர். தீய்ந்த ஓரங்களைப் புதிதாக அமைத்தனர். கையால் செய்த வேலை மட்டும் 1,000 மணி நேரத்தை நெருங்கியது.

பயன் என்ன? ‘பதேர் பாஞ்சாலி’யில் நூற்றுக்கு 40 பங்கும், ‘அபராஜிதோ’வில் நூற்றுக்கு 66 பங்கும் அத்தீயில் பிழைத்த மூல நெகட்டிவுகளிலிருந்தே மீட்கப்பட்டன. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் எஞ்சிய இரண்டு சுருள்களும் பயன்படவில்லை. குறைந்த பகுதிகளை நிரப்பத் துணைநின்றவை பிற இடங்களில் இருந்த நல்ல படிகளாகும். அகாதமியும், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகமும், பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தன. ஒரே படி, ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஒரே தீயில் யாவும் ஒழிந்திருக்கும். பல படிகள் பல நாடுகளில் இருந்தமையால் படம் பிழைத்தது.

2015 மே மாதத்தில், புதுப்பிக்கப்பட்ட மூன்று படங்களும் அதே நியூயார்க்குக் காட்சியகத்தில் திரையிடப்பட்டன. ‘பதேர் பாஞ்சாலி’ அங்கே முதலில் தோன்றி அறுபது ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே அவை வட்டுகளாகவும் வெளிவந்தன. திருத்தும் பணியும் பரப்பும் பணியும் இங்கே ஒருங்கே நிறைவேறின.

வெளியீடும் காத்திருப்பும்

எல்லாப் படங்களுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. நாட்டியப் பேரறிஞர் உதயசங்கர் இயக்கிய ‘கல்பனா’ என்னும் படம் 1948-இல் வெளிவந்தது. அது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் தமிழ்த் திரையில் புகழ்பெற்ற பத்மினி, இளம்பெண்ணாக அதில் ஆடினார். இந்திய நடனக் கலைக்கு அரிய சான்றாக விளங்கும் அப்படம், புனேக் காப்பகத்தில் இருந்த படியைக்கொண்டு 2012-ஆம் ஆண்டில் பொலோனாவில் புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசே நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை இதற்குத் துணைநின்றது. அவ்வாண்டே பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டது. ஆனால், பொதுமக்கள் வாங்கத்தக்க வட்டாக வெளிவந்தது 2022-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளில், விழாக்களுக்குச் செல்ல வாய்த்த சிலரையன்றிப் பிறர் அதனை அந்நல்வடிவில் காண்பது அரிதாயிற்று. நடனம் பயிலும் மாணவி ஒருத்தி அதனைக் காண விரும்பியிருந்தால் அவள் யாது செய்திருப்பாள்? படம் பிழைத்திருந்தும், அவளளவில் அது பிழைக்கவில்லை என்றே கூறவேண்டும்.

இல்லத்தில் படம் காணும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வி.எச்.எஸ். ஒளிநாடா 1976-லும், டி.வி.டி. வட்டு 1996-லும், அதனினும் தெளிவான புளூ-ரே வட்டு 2006-லும் சந்தைக்கு வந்தன. 2007-ஆம் ஆண்டளவில் இந்திய நிறுவனம் ஒன்று குறுவட்டு 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் பழைய படங்களை விற்றது. தமிழ்ப் படங்கள் பலவும் அவ்வகையில் எளியோர் வீடுகளுக்குள் புகுந்தன. மலிவு பெரிது, ஆயினும் அவ்வாறு மலிவாக வந்த பழம்படங்கள் பல, தேய்ந்த பிரிண்டுகளிலிருந்து எடுத்த படிகளே. காட்சிகள் வெட்டுண்டும் ஒலி மங்கியும் இருந்தன. கடைகளில் இத்தகைய வட்டுகள் அருகிய பின்னர், இணையவழிக் காட்சி பெருகியது. அதில் ஒரு படம் இன்று இருக்கும்; ஒப்பந்தக் காலம் முடிந்தால் நாளை நீங்கும். வட்டோ வாங்கியவர் அலமாரியில் தங்கும். நூலகத்தில் நூலோடு நூலாக நிற்கும். படம் உருவான வரலாற்றைக் கூறும் உரைகளும், அதில் பணியாற்றியோரின் நேர்காணல்களும் நல்ல வட்டுகளில் இணைந்திருக்கும். சிறந்த உரையோடு கூடிய பதிப்பைப் போல அது கற்போருக்குப் பயன்படும்.

எனின், வெளியீடு தாமதமாவது ஏன்? முதற்காரணம் பொருட்செலவு. ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்புக்கு உரிய பணத்தை, சிலரே வாங்கும் வட்டின் விற்பனை ஈடுசெய்வதில்லை. இரண்டாவது காரணம் உரிமைச் சிக்கல். பழைய ஒப்பந்தங்கள் எழுதப்பட்ட நாளில் ஒளிநாடாவும் இல்லை, வட்டும் இல்லை. நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், தொலைக்காட்சி உரிமை மற்றொருவரிடம், பாட்டின் உரிமை வேறொருவரிடம் எனப் பிரிந்து கிடக்கும். முதலாளியின் காலத்துக்குப் பின் வாரிசுகள் பலராவர். அனைவரும் இசைந்தாலன்றிப் படம் வெளிவாராது. மூன்றாவது காரணம் மூலம் கிடையாமை. உரிமை உடையவரிடம் நெகட்டிவ் இராது; சிதைந்த பிரிண்டு ஒன்றே இருக்கும்.

இவற்றையும் கடந்து வெற்றி கண்டோர் உண்டு. பி. ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்து 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ கணிப்பொறி முறையில் சீர்செய்யப்பட்டு 2012 மார்ச்சுத் திங்களில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. முன்னர்க் கண்டோரோடு, அப்படம் வெளிவந்த காலத்தில் பிறவாத இளைஞரும் திரண்டு வந்து கண்டனர். பழம்படத்துக்குப் பார்ப்போர் இல்லை என்னும் கருத்து அன்று பொய்யாயிற்று. அதன்பின் ‘பாசமலர்’ 2013-இலும் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-இலும் மறுபடியும் திரைக்கு வந்தன.

குசராத்து மாநில உழவர் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து உருவாக்கிய படம் ‘மந்தன்’. சியாம் பெனகல் இயக்கிய அப்படம் 1976-இல் வெளிவந்தது. பால் கூட்டுறவின் எழுச்சியைக் கூறுவது அது. மும்பையில் 2014-இல் தோன்றிய திரைப்பட மரபு அறக்கட்டளை அதனை மீட்டது. மீட்கும் பணியின் ஒரு பகுதி சென்னையில் உள்ள பிரசாத் சோதனைச்சாலையில் நடைபெற்றது. 2024-இல் அது கான் விழாவிலும், பின்னர் இந்திய நகரங்கள் பலவற்றின் திரையரங்குகளிலும் காட்டப்பட்டது. இதற்குரிய கைத்திறன் தமிழகத்திலேயே உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

எஞ்சிய கடமை

கைத்திறன் உண்டு, கருவி உண்டு, காண விழைவோரும் உண்டு. ஆதலால், தமிழ்த் திரையின் பழஞ்செல்வங்களைக் குறித்துக் கலையன்பர் நம்பிக்கை கொள்வது வீணாகாது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ (1944), ‘கல்பனா’ பிறந்த அதே ஜெமினி ஸ்டுடியோவில் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’ (1948), கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ (1953) முதலியன, எஞ்சியுள்ள மிகச் சிறந்த மூலங்களைக்கொண்டு செம்மையாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். தெளிந்த வட்டுகளாகப் பள்ளி நூலகங்களுக்கும் இல்லங்களுக்கும் வந்து சேரவேண்டும். இதுவே அவர்களுடைய வேட்கை.

அவ்வேட்கை நிறைவேறுவதில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. 1927-இல் செருமனியில் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஊமைப்படம் சில திங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. வெட்டிய பகுதிகள் அழிந்தன என்றே எண்பது ஆண்டுகள் கருதப்பட்டது. 2008-இல் அர்சென்டினா நாட்டுத் திரைப்பட அருங்காட்சியகம் ஒன்றில், தேய்ந்து கீறல் விழுந்த படி ஒன்றினுள் அப்பகுதிகள் இருப்பது தெரியவந்தது. அதைக்கொண்டு ஏறக்குறைய முழுமையான படம் 2010-இல் வெளியாயிற்று. எந்த ஊரில், எந்தப் பழைய கொட்டகையின் மூலையில், எந்தத் தகரப் பெட்டியில் எந்தப் படம் உறங்குகிறது என்று எவர் அறிவார்? துருப்பிடித்த பெட்டியைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுமுன், அதனுள் இருப்பது யாது எனக் காப்பகத்தாரைக் கேட்டறிதல் நலம். திருட்டுப் படியை நாடாமல், முறையாக வெளிவந்த நற்படியை விலைகொடுத்து வாங்குவதும் ஒரு தொண்டே ஆகும். ஒரு வட்டு விற்றால் அடுத்த படம் வெளிவர வழி பிறக்கும்.

சுவடியாய் இருந்த சிந்தாமணி அச்சேறியபின் அதற்கு அழிவு இல்லையாயிற்று. ஓர் ஊரில் நூல் கெட்டால் ஓராயிரம் ஊரில் அது இருக்கும். திரைப்படத்துக்கும் விதி அதுவே. காப்பகத்தின் குளிரறை படத்தின் உடலைக் காக்கும். காண்போர் இல்லங்களிலும் உள்ளங்களிலும் பரவியிருப்பதே அதன் உயிரைக் காக்கும்.